நெல்லும் கோதுமையும் வளர்த்த மனங்கள்

சீனாவின் வடமேற்கில், மஞ்சள் ஆறு பாயும் நிங்சியா பகுதியில் இரண்டு அரசுப் பண்ணைகள் இருக்கின்றன. லியன்ஹு பண்ணையில் நெல், சூகோவ் பண்ணையில் கோதுமை. இரண்டுக்கும் இடையே 56 கி.மீ. தூரம்தான். வெயிலும் மழையும் ஏறக்குறைய ஒன்று, அரசும் ஒன்று. 1949இல் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியைப் பிடித்த பிறகு, வெளியிலிருந்து மக்களைக் கொண்டுவந்து இங்கே குடியமர்த்தினார்கள். நெல்லா, கோதுமையா என்று யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அதிகாரிகள் அனுப்பிய இடத்துக்குப் போனார்கள், கிடைத்த பயிரைச் செய்தார்கள்.

இந்தப் பண்ணைகளின் விவசாயிகளிடம் தாமஸ் டல்ஹெல்ம், சியாவெய் தொங் என்ற இரு ஆய்வாளர்கள் சில எளிய சோதனைகளை நடத்தி, முடிவை 2024இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ ஆய்விதழில் வெளியிட்டார்கள். ஒரு தாளில் உங்களையும் உங்கள் நண்பர்களையும் வட்டங்களாக வரையுங்கள் என்பது ஒரு சோதனை. நெல் விவசாயிகளைவிடக் கோதுமை விவசாயிகள் தங்களுக்கான வட்டத்தைப் பெரிதாகப் போட்டார்கள். மூன்று பொருள்களில் எந்த இரண்டு சேரும் என்பது இன்னொன்று. ரயில், பேருந்து, தண்டவாளம் என்று கொடுத்தால், இரண்டும் வாகனம் என்று ரயிலையும் பேருந்தையும் சேர்ப்பவர்கள் உண்டு. ஒன்றில்லாமல் மற்றொன்று இல்லை என்று ரயிலையும் தண்டவாளத்தையும் சேர்ப்பவர்களும் உண்டு. நெல் பண்ணையினர் இத்தகைய கேள்விகளில் உறவைப் பார்த்துச் சேர்த்தார்கள். நண்பனையும் அந்நியனையும் எப்படி நடத்துவீர்கள் என்ற கேள்வியிலும் நண்பனுக்குக் கூடுதலாக விட்டுக்கொடுத்தவர்கள் அவர்களே.

கலாச்சாரங்கள் அடிப்படை விழுமியங்களில் ஏன் வேறுபடுகின்றன என்ற பழைய விவாதத்தில் இந்த ஆய்வுக்கு நான் பெரிய இடம் தருகிறேன். மதம், தத்துவம், இனம், ஆட்சி என்று வழக்கமாகக் காட்டப்படும் காரணங்கள் இங்கே இரு பக்கமும் ஒன்றாகவே இருந்தன. மாறியது கைவேலைதான். அதுவும் ஆயிரம் ஆண்டுகளில் அல்ல, இரண்டு மூன்று தலைமுறைகளில்.

நெல் என்ன கேட்கிறது என்பதைத் தஞ்சாவூரிலோ அம்பாசமுத்திரத்திலோ வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாற்றங்கால் விட்டு, நாற்றுப் பறித்து, சேறடித்து, நாள் தவறாமல் நட்டாக வேண்டும். ஒரு குடும்பத்தின் கைகள் அதற்குப் போதாது. தண்ணீர் வாய்க்காலில் வருகிறது. தலைமடைக்காரர் மடையை அடைக்காவிட்டால் கடைமடைக்காரருக்கு எட்டாது. வரப்பு உடைந்தால் அடுத்த வயலும் மூழ்கும். தூர் வாருவதற்கு ஊரே வர வேண்டும். அண்டை வயல்காரரோடு முகம் முறித்துக்கொண்டு நெல் சாகுபடி செய்ய முடியாது. மழையை நம்பி விதைக்கும் கோதுமைக்கு இத்தனை கைகளும் வேண்டாம், இத்தனை பேச்சுவார்த்தையும் வேண்டாம். இயந்திரம் வராத காலத்தில் நெல்லுக்கு ஆன உழைப்பு கோதுமையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு.

டல்ஹெல்மும் அவருடைய கூட்டாளிகளும் இந்தக் கருத்தை 2014இலேயே ‘சயின்ஸ்’ இதழில் முன்வைத்தார்கள். யாங்சி ஆற்றுக்குத் தெற்கே நெல், வடக்கே கோதுமை என்று சீனா நெடுங்காலமாகப் பிரிந்து கிடக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஹான் மாணவர்களிடம் இதே சோதனைகளை நடத்தியபோது, தெற்கும் வடக்கும் வேறு வேறு நாடுகளைப் போல விடை சொல்லின. விமர்சனங்கள் வராமல் இல்லை. மாணவர்களை மட்டும் கேட்டது போதுமா, வடக்கும் தெற்கும் வேறு பல வகைகளிலும் மாறுபடுகின்றனவே என்று கேட்டார்கள். நியாயமான கேள்விகள். அவற்றுக்கு விடை தேடித்தான் நிங்சியா வரைக்கும் போனார்கள்.

நடுவில், 2018இல், இன்னொரு வேலையும் செய்தார்கள். பெய்ஜிங், ஷென்யாங், ஷாங்காய், குவாங்சோ, ஹாங்காங் போன்ற நகரங்களின் ஸ்டார்பக்ஸ் காபிக் கடைகளில், நடக்கும் வழியை மறிப்பதுபோல இரண்டு நாற்காலிகளை நெருக்கிப் போட்டுவிட்டுக் கவனித்தார்கள். வடக்கு நகரங்களில் சுமார் 16 சதவீதத்தினர் நாற்காலியை நகர்த்திவிட்டுப் போனார்கள். தெற்கில் அப்படிச் செய்தவர்கள் சுமார் 6 சதவீதம். மற்றவர்கள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு இடுக்கில் நுழைந்து போனார்கள். அந்தக் கடைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் வயலில் கால் வைத்திராத நகரத்து நடுத்தர வர்க்கத்தினர். சேறு காய்ந்து போனாலும் அதில் பழகிய நடத்தை வீட்டுக்குள் தங்கிவிடுகிறது, பிள்ளைகளுக்கும் போகிறது.

இதை வைத்துப் பார்க்கும்போது, நாட்டுக்கு ஒரு மதிப்பெண் போடும் பழக்கம் எவ்வளவு பலவீனமானது என்பது தெரியும். டச்சு ஆய்வாளர் கீர்ட் ஹோஃப்ஸ்டெட், 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் திரட்டிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விடைத்தாள்களை வைத்து, நாடுகளின் கலாச்சாரத்தை எண்களாக்கினார். 1980இல் வந்த அவருடைய நூல் நிர்வாகவியல் வகுப்புகளை இன்றும் ஆள்கிறது. அதிகார ஏற்றத்தாழ்வை ஏற்பதில் இந்தியாவுக்கு 77. தனிமனித நோக்கில் 48. மேலதிகாரிக்கு எதிரே பேசத் தயங்கும் சமூகம் எது என்பதை முதல் முறையாகப் பெரிய அளவில் ஒப்பிட்டவர் அவர்தான். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால், 77 யாருடைய எண்? ஒரு பன்னாட்டு நிறுவனத்தில் வேலை கிடைத்த இந்தியர்களுடையது. அதில் ஊர்த் தெருவும் இல்லை, சேரியும் இல்லை. பஞ்சாபின் கோதுமை வயலும் கேரளத்தின் குட்டநாடும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன.

வேறுபாடே இல்லை என்று சொல்வதும் தவறு. மனிதர் எல்லோரும் அடிப்படையில் ஒன்றே என்ற நல்லெண்ணத்தில், கண்ணுக்கெதிரே இருப்பதை மறுப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஜோன் மில்லரின் ஆய்வைச் சொல்ல வேண்டும். 1984இல் வெளியான அந்த ஆய்வு மைசூரிலும் சிகாகோவிலும் நடந்தது. அதில் ஒரு சம்பவம்: மோட்டார் சைக்கிளில் போன வழக்கறிஞர் விபத்தில் சிக்குகிறார். பின்னால் உட்கார்ந்திருந்தவருக்குத் தலையில் அடி. அவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, காயம் எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்காமலே வழக்கறிஞர் நீதிமன்றத்துக்குப் போய்விடுகிறார். அடிபட்டவர் இறந்துவிடுகிறார். ஏன் இப்படிச் செய்தார்? அவர் பொறுப்பற்றவர் என்று மனிதரின் குணத்தைச் சொல்வது அமெரிக்கப் பெரியவர்களின் போக்கு. அவருக்கு நீதிமன்றக் கடமை இருந்தது, பதற்றத்தில் இருந்திருப்பார், காயம் பெரிதாகத் தெரிந்திருக்காது என்று சூழ்நிலையைச் சொல்வது மைசூர்ப் பெரியவர்களின் போக்கு. இதைவிட எனக்கு முக்கியமாகப்படுவது வேறு. எட்டு வயதுக் குழந்தைகளிடம் இந்த வேறுபாடு ஏறக்குறைய இல்லை. வயது ஏற ஏறத்தான் இரண்டு ஊரும் பிரிகின்றன. உலகத்தைப் பார்க்கும் விதத்தை யாரும் பிறக்கும்போது கொண்டுவருவதில்லை. வளர்ப்பவர்கள் கொடுக்கிறார்கள்.

வேறுபாடு உண்மை, அது வேலையிலும் வளர்ப்பிலும் உருவானது, ஆகவே மாறக்கூடியது. இந்த மூன்றில் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டால் அரசியல் ஆபத்து வருகிறது. 1990களில் அதுதான் நடந்தது. ‘ஆசிய விழுமியங்கள்’ என்ற பெயரில், குடும்பத்தையும் ஒழுங்கையும் மதிக்கும் ஆசியர்களுக்கு மேற்கத்திய வகை ஜனநாயகம் பொருந்தாது என்று சிங்கப்பூரின் லீ குவான் யூவும் மலேசியாவின் மகாதீரும் வாதாடினார்கள். 1994இல் ‘ஃபாரின் அஃபேர்ஸ்’ இதழில் வந்த லீயின் பேட்டிக்கு, அதே ஆண்டு அதே இதழில் பதில் எழுதியவர் தென்கொரியாவின் கிம் தே ஜுங். 1980இல் ராணுவ ஆட்சி மரண தண்டனை விதித்த மனிதர் அவர். ஜனநாயகச் சிந்தனைக்கான வேர்கள் ஆசிய மரபிலேயே உண்டு என்று வாதாடினார். 1998இல் அவரே குடியரசுத் தலைவரானார். தென்கொரியாவும் தைவானும் நெல் விளையும் நாடுகள். கன்பூசிய மரபில் வந்தவை. பெற்றோர் சொல்லுக்கு எடை உள்ள சமூகங்கள். தென்கொரியா 1987இலும் தைவான் 1996இலும் தங்கள் தலைவரை நேரடி வாக்கில் தேர்ந்தெடுக்கும் உரிமையை நிலைநாட்டின. ஆசியாவில் தன்பாலினத் திருமணத்தை முதலில் சட்டமாக்கியதும் தைவான்தான், 2019இல். கலாச்சாரத்தைக் காட்டி உரிமையை மறுத்தவர்களின் வாதம் அங்கேயே தோற்றுவிட்டது.

இதே கண்ணோடு நம் நெல் வயல்களையும் பார்க்க வேண்டும். நீரைப் பகிர ஓர் அமைப்பு தேவை என்பதற்கு உத்திரமேரூரைவிடப் பெரிய சான்று வேண்டாம். முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் எடுத்ததைச் சொல்கின்றன. கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது என்ற விதியைப் படிக்கும்போது பெருமிதம் வருகிறது. ஆனால், அதே கல்வெட்டுத்தான் வரி செலுத்தும் கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் வேண்டும் என்கிறது. ஏரியைத் தோண்டியவர்களுக்கும் நாற்று நட்ட பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. டேவிட் மோஸ், 2003இல் வெளியான ‘தி ரூல் ஆஃப் வாட்டர்’ நூலில், ராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிக் கண்மாய்களைப் பற்றிச் சொல்வதும் இதையே. கண்மாயின் கூட்டு நிர்வாகம் சாதி அதிகாரத்தின் வழியாகவே நடந்தது. பல ஊர்களில் மடை திறந்து நீர் பாய்ச்சியவர்கள் தலித்துகள். பாசன நிலம் பெரும்பாலும் மற்றவர்களுடையது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதும் இதே நெல் பூமியில்தான். அவர்கள் கேட்டது கூடுதல் கூலி நெல்.

டல்ஹெல்மின் கோட்பாட்டில் நான் காணும் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. ஒருவரையொருவர் சார்ந்திருப்பது வேறு, ஒருவரை இன்னொருவர் சார்ந்திருக்கும்படி கட்டி வைப்பது வேறு. வட்டம் சிறிதாக இருப்பதைப் பணிவு என்று மட்டும் படித்துவிட முடியாது. பெரிதாக வரையும் துணிச்சலைப் பறித்துவிட்டதாகவும் அது இருக்கலாம். சாதியை உள்ளே கொண்டுவராமல் இந்தக் கோட்பாட்டை நம் மண்ணில் பொருத்தவே முடியாது.

பொருத்திப் பார்க்க இதைவிடத் தோதான இடமும் கிடையாது. காவிரிப் படுகையில் வாய்க்கால் நெல். கொங்கு நாட்டில் கிணறு, கமலை, பருத்தி, கம்பு. ஒரு குடும்பம், ஒரு கிணறு. வாய்க்கால் நாடும் கொங்கும் வேறு வேறு சமூகங்களாக உருவானதைக் கிறிஸ்டோபர் பேக்கர் 1984இலேயே விரிவாக எழுதினார். கிணற்றடியில் உழைத்த குடியானவர்கள் திருப்பூரில் பின்னலாடை முதலாளிகளானதை ஷரத் சாரி 2004இல் எழுதினார். அந்தக் கமலைக்குத் தோல் தைத்த அருந்ததியர்கள் அதே பாதையில் எத்தனை தூரம் போக முடிந்தது என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் ஆய்வு முழுமையாகும்.

காலம் அதிகமில்லை. நடவு இயந்திரம் வந்துவிட்டது. டெல்டாவிலும் ஆழ்துளைக் கிணறு இறங்கிவிட்டது. கூடி நட்டு, முறை வைத்து நீர் பாய்ச்சிய தலைமுறைக்கு வயதாகிறது. இந்த ஆய்வுக்குப் பெரிய நிதி வேண்டாம். தாளும் பென்சிலும் பொறுமையும் உள்ள மாணவர்கள் போதும். நம் பல்கலைக்கழகங்களின் சமூகவியல், உளவியல் துறைகள் இதை உடனே கையில் எடுக்க வேண்டும். பட்டா வைத்திருப்பவரின் திண்ணையோடு நின்றுவிடாமல், நடவுக்குப் போன பெண்களின் கையிலும் அந்தத் தாளைக் கொடுத்து வட்டம் வரையச் சொல்ல வேண்டும்.