திறந்த வீட்டுக்கும் காவல் வேண்டும்!

கல்யாண வீட்டில் பத்துப் பேர் கூடிச் சமைக்கிறார்கள். ஒருவர் குழம்பில் உப்புப் போட்டார். அது தெரியாமல் இன்னொருவரும் போட்டார். குழம்பு என்ன ஆகும்? வாயில் வைக்க முடியாது!

பத்துப் பேருக்கே இந்தக் கதி. உலகம் முழுவதும் பல ஆயிரம் பேர் கூடி ஒரே வேலையைச் செய்தால் எப்படி இருக்கும்?

அப்படி ஒரு வேலை நடந்து கொண்டுதான் இருக்கிறது. அதன் பெயர் "லினக்ஸ்".

மாணவர் போட்ட விதை

1991-ம் ஆண்டு. பின்லாந்து நாட்டின் தலைநகரான ஹெல்சிங்கியில், பல்கலைக்கழக மாணவராக இருந்தார், லினஸ் டோர்வால்ட்ஸ். அவருக்கு வயது 21. கம்ப்யூட்டரை இயக்கும் கட்டளைகளை அவர் எழுதினார். எழுதியதைப் பூட்டி வைக்கவில்லை. எல்லோரும் படிக்கலாம், திருத்தலாம் என்று உலகத்துக்கே கொடுத்து விட்டார்.

அன்று அது சுமார் 10 ஆயிரம் வரி. இன்று 3 கோடி வரிக்கு மேல்! ஆண்ட்ராய்டு செல்போனுக்குள் இருப்பது அதுதான். உலகின் மிகப்பெரிய 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 முதல் அதில்தான் ஓடுகின்றன.

என்ன கட்டுப்பாடு?

லினக்சுக்கு யாரும் திருத்தம் அனுப்பலாம். பட்டம் கேட்பதில்லை. பதவி கேட்பதில்லை. ஆனால் கட்டுப்பாடு உண்டு.

ஒரு திருத்தத்தில் ஒரு மாற்றம்தான் இருக்க வேண்டும். நாலைந்தைக் கலந்து அனுப்பினால், தவறு எதில் என்று கண்டுபிடிக்க முடியாது.

என்ன மாற்றினோம் என்பது மட்டும் போதாது. ஏன் மாற்றினோம் என்றும் எழுத வேண்டும். பத்து ஆண்டு கழித்துப் படிப்பவருக்கும் அது விளங்க வேண்டும்.

அனுப்பும் முன் ஓட்டிப் பார்க்க வேண்டும். நேற்று வரை ஓடியது, இன்று நின்று போகக் கூடாது.

கடைசியில் கையெழுத்து! "இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு" என்பது அதன் பொருள். லினக்சில் தன் சொத்து இருக்கிறது என்று 2003-ல் ஒரு கம்பெனி வழக்குப் போட்டது. மறு ஆண்டே கையெழுத்து முறை வந்து விட்டது.

பார்வையிடுகிறவருக்கும் கட்டுப்பாடு உண்டு. குற்றம் சொல்லலாம், ஆளைத் திட்டக் கூடாது. கடுஞ்சொல் பேசியதற்காக 2018-ல் டோர்வால்ட்சே மன்னிப்புக் கேட்டார்.

காவலர் களைத்தால்...

கட்டுப்பாடு இருந்தால் மட்டும் போதுமா? போதாது! பார்ப்பதற்கு ஆள் வேண்டும்.

லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் "எக்ஸ்-இசட்" என்ற சிறு கருவி இருக்கிறது. கோப்புகளைச் சுருக்குவது அதன் வேலை. அதைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்தவர் ஒரே ஒருவர். சம்பளம் இல்லை. அவர் களைத்துப் போனார். "ஏன் தாமதம்? வேறு ஆளிடம் விடு" என்ற பாணியில் முகம் தெரியாத சிலர் நெருக்கினார்கள்.

அப்போது உதவிக்கு ஒருவர் வந்தார். இரண்டு ஆண்டுக்கு மேல் ஒழுங்காக வேலை செய்தார். நம்பிக்கை பிறந்தது. பொறுப்பு கைமாறியது. பிறகு அவர் கள்ள வழி ஒன்றைச் செருகி விட்டார்! அது பரவியிருந்தால், எண்ணற்ற கம்ப்யூட்டர்களுக்குள் திருடன் நுழைந்திருப்பான்.

காப்பாற்றியது எது? அரை விநாடி! கம்ப்யூட்டருக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாக ஆவதை ஒரு பொறியாளர் கவனித்தார். தோண்டிப் பார்த்தார். 2024 மார்ச் 29-ந் தேதி குட்டு உடைந்தது.

எப்போதும் இப்படி ஒரு கண் கிடைக்கும் என்று சொல்ல முடியுமா?

இந்தக் கருவிகளை வைத்துக் கோடி கோடியாகச் சம்பாதிக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. காவல் இருப்பவருக்குக் கூலியும், துணைக்கு இன்னோர் ஆளும் கொடுப்பது அவற்றின் கடமை. திருத்தம் அனுப்புகிற இளைஞர்களும் அவசரப்படுத்தக் கூடாது. கேட்ட கேள்விக்குக் கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டும்.

கதவு திறந்தே இருக்கட்டும். ஆனால் வாசலில் ஒருவர் மட்டும் தூங்காமல் நிற்க வேண்டும் என்பது நியாயம் அல்ல!