சரளைப் பாதைக்கு எந்த டயர்?

போன மாதம் ஒரு நாள் காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விடச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் அம்பாசமுத்திரத்தில் மெயின் ரோடு வழியாகப் போனால் பஸ்ஸும் லாரியுமாக ஒரே நெரிசல். அதனால் வயல் பக்கமாக, கால்வாய்க் கரைச் சரளைப் பாதையில்தான் எப்போதும் போவேன். அன்றைக்கு வளைவில் பின்சக்கரம் சறுக்கிவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை, கேரியரில் இருந்த குழந்தைக்கு முழங்காலில் நல்ல சிராய்ப்பு. அவள் அழுததைவிட நான் அழுததுதான் அதிகம்!

‘டயர் ஒல்லியாக இருப்பதால்தான் வழுக்குகிறது, அகலமாகப் போட்டால் சரியாகிவிடும்’ என்று நானே முடிவு கட்டினேன். என் சைக்கிள் 26 அங்குலம் என்பது தெரியும். ஆகவே அதே 26-ல் அகலமாக இரண்டு டயர் வாங்கிக்கொண்டு எங்கள் தெரு சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“ஏம்மா, ரெண்டும் இருபத்தாறுதான். ஆனா இது உங்க ரிம்முல உக்காராதும்மா. ஓரத்துல சின்னதா நம்பர் போட்டிருக்குல்லா, அதைப் படிங்க.”

படித்தேன். பழைய டயரில் 26 × 1⅜, பக்கத்திலேயே 37-590. புதியதில் 26 × 1.95, பக்கத்தில் 50-559. முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது, டயர் போய் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம். இரண்டுமே மில்லிமீட்டர் கணக்கு. விட்டத்தில் 31 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் எப்படிப் பொருந்தும்? 26 என்பது காற்றடித்த டயரின் வெளி அளவைக் குத்துமதிப்பாகச் சொல்வதுதானாம்!

“ரிம்மையும் மாத்திரலாமே அண்ணாச்சி?” என்றேன்.

“ரிம் சின்னதானா பிரேக் கட்டை எட்டாது. டயர் பெருத்தா மட்கார்டுல உரசும். மழைக்காலத்துல சேறு அடைச்சு சக்கரமே நின்னு போவும்மா.”

அகல டயர் நல்லதுதான், சந்தேகமே இல்லை. அதில் காற்று அதிகம் கொள்ளும். அதனால் கல்போல இறுக்கி அடிக்க வேண்டியதில்லை. கொஞ்சம் நெகிழ்வாக இருப்பதால் சரளைக் கல்லின் மேல் துள்ளாமல் அமுங்கி ஏறும். தரையில் பிடிப்பும் கிடைக்கும். பெல்பாஸ்டில் இருந்த கால்நடை மருத்துவர் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகத்தான் காற்று டயரைச் செய்து பார்த்து, 1888-ல் காப்புரிமை பெற்றார். பிள்ளைக்காகப் பிறந்த டயர் என்று சொல்லலாம்! இப்போது சரளைப் பாதைக்கென்றே தனியாகச் சைக்கிள் விற்கிறார்கள். அதில் பல வண்டிகளுக்கு 40 மில்லிமீட்டர் டயர். நம் ஊர்ப் பால்காரர்கள் ஓட்டிய பெரிய சைக்கிளின் 28 × 1½ டயரும் அதே 40 தான்!

அப்படியானால் நான் ஏன் விழுந்தேன்? அண்ணாச்சி பழைய டயரைத் தடவிக் காட்டினார். நடுவில் பட்டன் எல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அதில் நான் வேறு காற்றை விறைக்க அடித்து வைத்திருந்தேன். அதே 37-590-ல் ஆழமான பட்டன் உள்ள புது டயர் மாட்டி, காற்றைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார். அதன் பிறகு அந்த வளைவில் சறுக்கவில்லை.

நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது:

* டயர் வாங்கப் போகும்போது பழைய டயரின் இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டு போங்கள். இரண்டாவது எண் அப்படியே ஒத்திருக்க வேண்டும்.

* கொஞ்சம் அகலமாகப் போட விரும்பினால், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே, ஃபோர்க்கின் இரு பக்கமும் ஒரு பென்சில் தாராளமாக நுழையும் இடம் மிஞ்ச வேண்டும்.

* புது சைக்கிளே வாங்குபவர்கள், மண் பாதைதான் அதிகம் என்றால் 26 × 1.95 போட்ட வண்டியாகப் பார்க்கலாம்.

* கட்டைவிரலால் அழுத்தினால் டயர் லேசாக அமுங்க வேண்டும். ரொம்பக் குறைத்தால் கல்லில் ரிம் இடித்து டியூப் பஞ்சராகும். பிள்ளையை ஏற்றும் பின்சக்கரத்துக்குச் சற்றுக் கூடுதல் காற்று வேண்டும். டயரின் ஓரத்தில் அச்சிட்ட அளவைத் தாண்டக் கூடாது.

* பிள்ளையின் கால் கம்பிக்குள் போகாதபடி பின்சக்கரத்துக்கு வலைத் தடுப்பு கட்டாயம் போடுங்கள்.

வாங்கிய அகல டயர் இரண்டும் என்னாயிற்று என்கிறீர்களா? மதினி மகன் சைக்கிளில் 559 என்று போட்டிருந்தது. அவனுக்கு யோகம்!