வேலிக்குள் வளரவேண்டிய வல்லாரை

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும் வல்லாரையை, ஞாபகசக்திக்கு உகந்ததென்ற நம்பிக்கையோடு வாங்கித் துவையல் அரைக்கும் நம்மவர் பலருக்கும், அக்கீரைக்கு மண்ணிலுள்ள விஷ உலோகங்களைக் கிரகித்துக்கொள்ளும் சுபாவமும் உண்டென்பது ஆச்சரியம் தரலாம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் கூடி 46 வகைத் தாவரங்களைச் சோதித்து, காட்மியம், ஆர்சனிக், ஈயம், குரோமியம் ஆகியவற்றை உறிஞ்சவல்ல 12 வகைகளைத் தேர்ந்து 2021-இல் வெளியிட்ட முடிவில், வல்லாரையும், ஒருவகைப் பெரணியும், அடுக்குமாடிகளைச் சுற்றி நாம் மிதித்து நடக்கும் சாதாரணப் புல்லும் இடம்பெற்றன. நல்ல மண்ணில் விளைந்த வல்லாரைக்கு இதனால் யாதொரு தோஷமும் இல்லை. சந்தைக்குப் போகிறவர்கள் வழக்கம்போல் போகலாம்.

வேர் நீரோடு இழுத்த உலோகம் தண்டிலும் இலையிலும் சேர்கிறது. செடியை அறுத்து அகற்றினால் அந்த அளவுக்கு மண்ணின் பாரம் குறைகிறது. அந்தப் பெரணி ஆர்சனிக்கைத் தன் இலைகளில் குவிப்பதை, மரக்கட்டைகளுக்கு நச்சு மருந்து ஊட்டிய புளோரிடா நிலமொன்றில் கண்டறிந்து அறிஞர்கள் 2001-லேயே அறிவித்தார்கள். அண்டையிலுள்ள சபாவில், நம் கீழாநெல்லியின் இனத்தைச் சேர்ந்த ஒரு புதர், உலர்ந்த இலையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் நிக்கலைச் சேர்த்துவைப்பதால், அதைப் பயிரிட்டு உலோகத்தையே அறுவடை செய்யும் பரீட்சையும் நடந்திருக்கிறது.

இம்முறையின் பெருங்குறை காலதாமதம். வேர் எட்டும் ஆழம்வரைதான் மண் சுத்தமாகும். அதற்கும் பல அறுவடைகள் வேண்டும். கட்டடம் எழுப்பக் காத்திருப்பவர் மண்ணை வாரிக் கொண்டுபோகவே விரும்புவார். நிலம் பொன்னாக விற்கும் இவ்வூரில் அவரைக் குறைகூற முடியாது. ஆனால் பழைய தொழிற்கூடங்களை இடித்தபின், அடுத்த உபயோகம் நிர்ணயமாகும்வரை புல் மூடிக் கிடக்கும் அரசாங்க நிலங்களும் உண்டே! எப்படியும் வளரப்போகும் புல்லுக்குப் பதில், மண்ணைச் சோதித்து, அதற்கேற்ற செடியை அங்கே நட்டால் கழியும் காலமும் பிரயோஜனப்படும் என்பது என் அபிப்பிராயம்.

நடுவதற்குமுன் இரண்டு விஷயங்களைத் தீர்மானித்துவிட வேண்டும். அறுத்த செடியைச் சாதாரணக் குப்பையோடு எரித்தால், உலோகத்தின் பெரும்பகுதி சாம்பலோடு, 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணக்கிடப்பட்டிருக்கும் செமாக்காவ் தீவுக் குப்பைநிலத்துக்கே போய்ச் சேரும். ஆகையால் அறுவடைக்குத் தனிவழி தேவை. மற்றொன்று, வல்லாரை நமக்குத் துவையல், மலாய்க்காரருக்கு உலாமில் சேரும் பெகாகா. கண்ட இடத்தில் ஒரு பிடி கிள்ளிக்கொள்வது, சட்டம் எதுவாயினும், பாட்டிமார்களின் கைப்பழக்கம். ஆகவே, இத்தகைய நிலத்தில் உண்ணத்தகாத பெரணிக்கே முதலிடம் தருக; வல்லாரைதான் வேண்டுமென்றால் வேலியடைத்து, பறிக்கலாகாதென்று நான்கு மொழிகளிலும் பலகை வைத்த பிறகே நடுக.