முடியை இழுக்கும் கையும் சிரிக்கும் வீடும்

ஆறேழு மாதக் குழந்தை, தன்னைத் தூக்கியிருப்பவரின் கூந்தலைக் கொத்தாகப் பற்றி இழுப்பது எல்லா வீடுகளிலும் நடப்பதுதான். இதை எவ்வாறு நிறுத்துவது என்ற கேள்விக்கு நம் நாட்டு வீடுகளில் இரண்டு விடைகள் புழங்குகின்றன. ஒன்று, 'வலித்தால்தான் புரியும்' என்று குழந்தையின் முடியையும் சற்று இழுத்துக் காட்டுவது, அல்லது கையில் ஒரு தட்டுத் தட்டுவது. மற்றொன்று, சிரித்துவிடுவது. இரண்டுமே தவறு என்பது என் துணிபு. எனினும் சிரிப்பைப் பற்றியே இங்கு மிகுதியாக எழுத விரும்புகிறேன். அதைத் தவறென்று கருதுவோர் மிகச் சிலரே.

முதலில் அந்தக் கையைப் பற்றி. பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் எது பட்டாலும் விரல்கள் தாமே மூடிக்கொள்ளும். இந்த அனிச்சைச் செயல் ஏறத்தாழ ஆறு மாதத்திற்குள் மறைய, விரும்பிப் பற்றும் திறன் அதன் இடத்தைப் பிடிக்கிறது. விரும்பி விடும் திறனோ இன்னும் பிந்தித்தான் வரும். முதலாண்டின் இறுதியை ஒட்டியே அது ஓரளவு கைகூடுகிறது. ஆகவே ஏழு மாதக் குழந்தையிடம் 'விடு, விடு' என்று கத்துவதில் பயனில்லை. விடுவது எப்படி என்பதே அதற்கு இன்னும் வசப்படவில்லை.

செய்யத்தக்கது எளிது. பற்றியிருக்கும் சிறு கையை நம் தலையோடு சேர்த்து அழுத்திக்கொண்டால் முடியின் வேர் இழுபடாது. பின்னர் குழந்தையின் மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக மெல்ல மடித்தால் விரல்கள் நெகிழும். தசைநாண்களின் அமைப்பு அப்படி; ஐயமுள்ளோர் தம் கையிலேயே சோதித்துப் பார்க்கலாம். விடுபட்ட கையை எடுத்து நம் தலையில் ஒருமுறை தடவச் செய்து, 'மெல்ல' என்ற ஒரே சொல்லை ஒரே தொனியில் சொல்ல வேண்டும். அதற்கு மேலும் இழுத்தால் சற்றே கீழே இறக்கிவிட்டு, பற்றிக்கொள்ள ஒரு துணியையோ மரக்கரண்டியையோ தரலாம். இதை நூறு முறை செய்ய நேரும். நூற்றியொன்றாவது முறையும் இழுக்கும். கூந்தலை முடிந்துகொள்வதும் தொங்கும் காதணிகளைச் சில மாதங்கள் கழற்றி வைப்பதும் அந்நாட்களுக்கான விவேகம்.

திருப்பி இழுத்துக் காட்டுவதைப் பற்றி நீட்டி எழுத ஏதுமில்லை. தான் இழுத்ததையும் தனக்கு வலித்ததையும் காரண காரியமாக இணைத்து, பிறருக்கும் இப்படித்தான் வலித்திருக்கும் என்று உணரும் அறிவு அவ்வயதில் கிடையாது. பெரியவர்களும் முடியை இழுப்பார்கள் என்பதே அதற்கு எட்டும். பள்ளியில் உடல்ரீதியான தண்டனையை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடைசெய்கிறது. வீட்டிற்குள்ளோ நிலைமை வேறு. குழந்தையின் நன்மைக்காக நல்லெண்ணத்துடன் செய்ததாகச் சொல்லிக்கொள்ள, பழைய தண்டனைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு பெற்றோருக்கு இடமளித்தது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அதுவே 27ஆம் பிரிவாக நீடிக்கிறது. ஸ்வீடன் வீட்டிற்குள்ளும் அடியைத் தடைசெய்தது 1979இல்.

இனிச் சிரிப்பு. ஓராண்டை நெருங்கும் குழந்தை, தனக்குத் தெளிவில்லாத ஒன்றை எதிர்கொள்ளும்போது அருகிலிருக்கும் பெரியவரின் முகத்தைப் பார்த்து முடிவு செய்கிறது. ஜேம்ஸ் சோர்ஸ், ஜோசப் கேம்போஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1985இல் வெளியிட்ட சோதனையை உளவியல் மாணவர் பலரும் அறிவர். கண்ணாடிப் பரப்பின் அடியில் பள்ளம் போலத் தோன்றும் ஓரிடம், மறுகரையில் தாய். தாய் மகிழ்ச்சி முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 தவழ்ந்து கடந்தன. அச்சம் காட்டியபோது 17இல் ஒன்றுகூடக் கடக்கவில்லை. தாய்மார் ஒரு சொல்லும் பேசவில்லை.

இந்த அறிவோடு, தில்லியிலோ குருகிராமிலோ நொய்டாவிலோ ஓர் அடுக்ககப் பூங்காவின் மாலைப்பொழுதைப் பாருங்கள். குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவர் ஜார்க்கண்டிலிருந்தோ மேற்கு வங்கத்திலிருந்தோ வேலைக்கு வந்த ஒரு பெண். எல்லோருக்கும் அவர் 'தீதி'. குழந்தை அவருடைய பின்னலைப் பிடித்து இழுக்கிறது. பக்கத்தில் நிற்கும் பெற்றோர் 'ஷைத்தான்!' என்று செல்லமாகக் கூவிச் சிரிக்கின்றனர். தாத்தா கைப்பேசியில் படம் எடுக்கிறார். அந்தப் பெண்ணும் கண்ணோரம் நீர் துளிர்க்கச் சிரிக்கிறார். அதே குழந்தை அதே மாலையில் தாயின் கூந்தலை இழுத்தால் முகங்கள் மாறுகின்றன. 'நோ, நோ, அம்மாவுக்கு வலிக்கும்' என்கிறார்கள். என் ஆய்வுக்காகச் சுற்றிய இடங்களில் இக்காட்சியைப் பலமுறை கண்டிருக்கிறேன். கொடியவர்கள் எவரும் அதில் இல்லை. அந்தப் பெற்றோர் பலவகையிலும் நல்லவர்கள். சிலர் என் நண்பர்கள்.

ஆயினும் குழந்தை கற்பது என்ன? முடியை இழுக்கக்கூடாது என்பதையன்று. யாருடைய முடியை இழுக்கக்கூடாது என்பதையே. மூன்று வயதில் அதே குழந்தை 'தீதி'யை உதைக்கும்போது 'இதையெல்லாம் எங்கே கற்றது?' என்று வீட்டார் வியப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

அந்தப் பெண் ஏன் சிரித்தார் என்பதையும் கேட்டாக வேண்டும். அவருக்குப் பணிநியமனக் கடிதம் இல்லை. வீட்டுப் பணியாளர்களுக்கெனத் தனியானதொரு தேசியச் சட்டம் இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் நிறைவேறியது. இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. முதலாளியின் குழந்தையிடம் முகம் சுளித்தால் மறுநாள் வேலை இருக்குமா என்ற அச்சத்தில், வலிக்கிறது என்று முகத்தால்கூடக் காட்ட முடியாத ஒருவரிடம்தான் நாம் பகலில் பத்து மணிநேரம் குழந்தையை ஒப்படைக்கிறோம். பிறர் முகத்தில் வலியைப் படித்தறிய வேண்டிய குழந்தைக்கு, அந்த முகத்தை நாமே மூடிவைக்கிறோம்.

பெற்றோர் வேலையில் சேர்க்கும் முதல் நாளிலேயே ஊதியம், விடுமுறை ஆகியவற்றோடு இதையும் பேசிவிடலாம்: குழந்தை இழுத்தால், அடித்தால், கடித்தால் நீங்கள் 'வேண்டாம்' என்று சொல்லலாம், கீழே இறக்கிவிடலாம், நாங்கள் தவறாக எண்ணமாட்டோம். அடுத்து, நம் கண்முன் அது நிகழும்போது சிரிக்காமல் எழுந்து சென்று, தாயின் கூந்தலிலிருந்து விடுவிப்பதைப் போலவே அந்தச் சிறு விரல்களை விடுவித்து, அப்பெண்ணிடம் 'வலிக்கிறதா?' என்று குழந்தை பார்க்கும்படி கேட்க வேண்டும். மொழி ஒரு தடையன்று. வங்காளத்திலிருந்து வந்தவர் 'ஆஸ்தே' என்பார், தமிழ்த் தாய் 'மெல்ல' என்பார், அண்டை வீட்டு இந்திக்காரர் 'தீரே' என்பார். மூன்று சொற்களோடும் அதே கை தலையை அதே விதமாகத் தடவுமானால், குழந்தை மூன்றையும் புரிந்துகொள்ளும்.