இசைப்புலவரின் ஏடும் பாடகரின் குரலும்

இசை செவிவழிக் கலை. ஆசிரியர் பாடக் கேட்டுக் கற்றலே போதும். அதற்கு ஏடும் எழுத்தும் எதற்கு என வினவுவோர் உளர். செவிப்பயிற்சியின்றி எவரும் பாடகர் ஆதல் இயலாது என்பது உண்மையே. ஆயினும், இயற்றியவர் எண்ணத்தை அறியாது பாடுபவர், பொருளறியாது செய்யுளை ஒப்புவிக்கும் மாணவரையே ஒப்பர்.

மதுரைக்குத் தெற்கே, கரிசல் நிலத்தின் நடுவே உள்ளது எட்டயபுரம். முத்துசுவாமி தீட்சிதர் 1835ஆம் ஆண்டில் மறைந்தது அவ்வூரிலேயே. அவர் குடும்பத்தில் வந்த சுப்பராம தீட்சிதர், தாமும் பாடல் இயற்ற வல்லவர். அவர் எழுதிய 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெருநூல் 1904ஆம் ஆண்டில் அங்கு அச்சேறியது. பாடல்களைச் சுரங்களோடு எழுதியதோடு அவர் அமையவில்லை. சுரங்கள் எவ்வாறு அசைதல் வேண்டும் என்பதைக் காட்டத் தனிக் குறிகளையும் இட்டார். இராகங்களின் இலக்கணத்தையும் வரைந்தார். முத்துசுவாமி தீட்சிதரை நேரிற் காணாத பல தலைமுறையினர் அவர் கருத்தை அணுகுவதற்கு அந்நூல் துணைபுரிந்து வருகிறது.

மதுரை நகரிலும் இதற்குச் சான்று உண்டு. அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் 1920ஆம் ஆண்டில் இந்நகரில் தியாகராஜ சங்கீத வித்தியாலயத்தை நிறுவினார். ஏறத்தாழ 400 பாடல்களை இயற்றிய அவர், இசையிலக்கண ஆராய்ச்சியிலும் வல்லவர். 'சங்கீத கல்பத்துருமம்' என்னும் நூலை எழுதியவர். புதிய இராகங்களையும் படைத்தவர். அவ்வித்தியாலயத்தில் பயின்றவரே மதுரை மணி ஐயர் (1912-1968). மேனாட்டு இசைமுறையைத் தழுவிப் பாகவதர் அமைத்த 'இங்கிலீஷ் நோட்' என்னும் மெட்டினைச் சுரங்களாகப் பாடி, அதனை நாடறியச் செய்தவர் அவர்.

இங்குக் கருதத்தக்கது ஒன்று உண்டு. பாகவதர் கதாகாலட்சேபத்திற் பெரும்புகழ் பெற்றவர். மணி ஐயரோ அவ்வழிச் செல்லவில்லை. சுரம் பாடுவதில் தமக்கென ஒரு பாணியை வகுத்துக்கொண்டார். ஆசிரியரின் குரலை மட்டும் பின்பற்றுவோர் அவருடைய நிழலாவர். அவர் கருத்தைப் பற்றிக்கொள்வோர் ஒரு விளக்கிலிருந்து ஏற்றிய மற்றொரு விளக்காவர்.

இன்று ஒலிப்பதிவுகள் எளிதிற் கிடைக்கின்றன. அவற்றைக் கேட்டு, ஒரு பாடகரின் குழைவுகளையெல்லாம் அவ்வாறே பாடிவிடலாம். இவ்வெளிமையினாலேயே, போலியை இசையென மயங்கும் இடரும் பெருகியுள்ளது. ஆகவே, ஒரு கீர்த்தனையைக் கற்கும் இளைஞர், அதனை இயற்றியவர் அவ்விராகத்தை எவ்வாறு கண்டார், சொல்லைத் தாளத்தில் எங்கு நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என வினவுதல் வேண்டும். வினவுவோர்க்கு ஏடு விடை தரும். அவ்விடைக்கு உயிர் கொடுப்பதே பாடகர் கடன்.