செய்மதியின் கணக்கும் தரையின் சாட்சியமும்

வளிமண்டலத்தில் காபனீரொட்சைட்டு எந்தளவு பெருகியுள்ளது என்ற வினாவுக்குத் தரை நிலையங்களும் செய்மதிகளும் தனித்தனியே விடை தருகின்றன. செய்மதிகள் வந்துவிட்ட பின்னர் தரை நிலையங்கள் எதற்கு என்று கேட்போர் உளர். ஐக்கிய அமெரிக்காவில் 2025ஆம் ஆண்டு முன்வைக்கப்பட்ட வரவு செலவுத்திட்ட யோசனைகளோ, ஹவாயின் மௌனா லோவா நிலையத்திற்கான நிதியையும் நாசாவின் ஓ.சீ.ஓ-2, ஓ.சீ.ஓ-3 திட்டங்களையும் ஒருசேர நிறுத்த முனைந்தன. இவ்விரு அளவீடுகளுக்குமிடையிலான உறவை விளங்கிக்கொள்வது ஆகவே அவசியமாகின்றது.

மௌனா லோவாவில் 1958இல் சார்ள்ஸ் டேவிட் கீலிங் அளவீட்டைத் தொடங்கியபோது, காற்றின் பத்து இலட்சம் பங்கில் சுமார் 315 பங்கு காபனீரொட்சைட்டாக இருந்தது. 2024இல் ஆண்டுச் சராசரி 420ஐத் தாண்டிவிட்டது. இத்துணை நீண்ட தொடர்ச்சி எந்தச் செய்மதிக்கும் கிடையாது.

எனினும் ஆபிரிக்காவிலும் அமேசன் காடுகளிலும் பெருங்கடல்களிலும் தரை நிலையங்கள் மிக அரிது. இக்குறையை நிரப்பவே ஜப்பான் 2009இல் இபுகி செய்மதியையும், நாசா 2014இல் ஓ.சீ.ஓ-2ஐயும் ஏவின. பூமியில் பட்டுத் தெறிக்கும் சூரிய ஒளியை இவ்வாயு எவ்வளவு உறிஞ்சியுள்ளது என்பதைக் கொண்டு அவை கணிக்கின்றன. தரை நிலையம் தன்னைச் சூழ்ந்த காற்றை அளக்கின்றது. செய்மதியோ தரையிலிருந்து வளிமண்டல உச்சி வரையிலான சராசரியைத் தருகின்றது. ஆதலால் இரு எண்களும் வேறுபடுவது இயல்பே. அதனை முரண்பாடெனக் காட்டுவது தவறு.

செய்மதிக்கு இரவிலும் அடர்ந்த முகிலிலும் பார்வையில்லை. வளியில் மிதக்கும் தூசியும் அதன் கணிப்பைப் பிறழச் செய்யும். அப்பிழையைத் திருத்துவது தரையே. 2004இல் தொடங்கப்பட்ட தரை வலையமைப்பொன்று சூரியனை நேரே நோக்கும் கருவிகளால் அதே முழுச் சராசரியை அளக்கின்றது. அக்கருவிகளும் விமானங்கள் மூலம் பல உயரங்களில் நேரடியாகப் பெற்ற அளவீடுகளுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படுகின்றன. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் நம்பகம் குலையும்.

2015ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையின் கீழ் நாடுகள் தமது வாயு வெளியேற்றத்தைத் தாமே கணக்கிட்டு அறிவிக்கின்றன. தாமே எழுதிய விடைத்தாளுக்குத் தாமே புள்ளியிடும் இம்முறைக்குச் சுயாதீன சாட்சியம் தேவை. பெரிய நாடுகளின் கணக்கைச் சரிபார்க்க வேறு வழியற்ற எம்மைப் போன்ற சிறிய நாடுகளுக்கு அது இன்னும் முக்கியமானது.

2022இல் மௌனா லோவா எரிமலை வெடித்து நிலையத்திற்கான பாதையும் மின்சாரமும் துண்டிக்கப்பட்டபோது, விஞ்ஞானிகள் அயலிலுள்ள மௌனா கியாவில் அளவீட்டைத் தொடர்ந்தனர். எரிமலையாலும் அறுக்க முடியாத தொடரை நிதி வெட்டு அறுத்துவிடலாகாது. இன்று அளக்காத காற்றை நாளை எவராலும் அளக்க முடியாது.