ஆட்சி மாறியது... பென்ஷன் வந்ததா?

‘அரசு ஊழியர்களைப் பகைத்துக்கொண்ட ஆட்சி நிலைக்காது!’

தேர்தல் பேச்சு எழும் இடங்களில் எல்லாம் இந்த வசனம் தப்பாமல் வந்துவிடும். உடனே ஒருவர் 2003-ஐ எடுப்பார். ‘அ.தி.மு.க-வின் சரிவு அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது’ என்று முடிப்பார். உண்மையா?

அன்றைய நிலவரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். கஜானா காலி என்றது ஜெயலலிதா அரசு. வருமானத்தின் பெரும்பகுதி சம்பளத்துக்கும் பென்ஷனுக்குமே போகிறது என்று காரணம் சொல்லி, சலுகைகளில் கைவைத்தது. 2003 ஜூலை 2-ம் தேதி அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தலைவர்கள் கைதானார்கள். டெஸ்மா சட்டம் அவசரச் சட்டத்தால் இன்னும் கடுமையாக்கப்பட்டது. சுமார் 1,70,000 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். மாதச் சம்பளத்தை நம்பி இருந்த அத்தனை குடும்பங்களில் அந்த மாதம் எப்படிப் போயிருக்கும்? வீட்டு லோன், பிள்ளைகளின் ஃபீஸ், மளிகைக் கடை பாக்கி எல்லாம் அப்படியே நின்றன.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. மன்னிப்புக் கடிதமும் உறுதிமொழியும் எழுதித் தந்து, பெரும்பாலானவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய உரிமை இல்லை என்று ஆகஸ்ட் 6-ம் தேதி தீர்ப்பும் வந்தது.

மறு ஆண்டு நாடாளுமன்றத் தேர்தல். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் அ.தி.மு.க. அணிக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஜெயலலிதா உடனே ஊழியர்கள் மீதான நடவடிக்கைகளைத் திரும்பப் பெற்றார்.

‘பார்த்தீர்களா, ஊழியர்கள் பலத்தை!’ என்பார்கள். ஆனால், எதிரணியில் தி.மு.க., காங்கிரஸ், பா.ம.க., ம.தி.மு.க., இடதுசாரிகள் எல்லாரும் ஒன்றாக நின்ற தேர்தல் அது. அந்தக் கூட்டணிக் கணக்கை மறந்துவிட முடியாது. 2006-ல் ஆட்சியை இழந்தாலும் அ.தி.மு.க. 61 இடங்களில் ஜெயித்தது. 2011-ல் 150 இடங்களோடு கோட்டைக்குத் திரும்பியது. 2016-ல் மறுபடியும் வென்றது. 2003-ல் சரியத் தொடங்கிய கட்சி இப்படியா எழுந்து நிற்கும்? பிற்காலச் சரிவுக்கு, தலைவியின் மறைவும் உட்கட்சிச் சண்டையும்தான் முதல் காரணங்கள்.

ஊழியர்களின் கோபம் தேர்தலில் எதிரொலிக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. நிச்சயம் எதிரொலித்தது. அந்தக் கோபம் அவர்களுக்கு எதைப் பெற்றுத் தந்தது என்பதுதான் கேள்வி.

வேலைநிறுத்தத்தைப் பற்றியே ஊர் பேசிக்கொண்டிருந்த அதே 2003-ல், பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு பணியில் சேருபவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது. சம்பளத்தில் 10 சதவிகிதம் பிடிப்பார்கள். அரசும் தன் பங்கைப் போடும். ஓய்வு பெறும்போது மாதாமாதம் இவ்வளவு வரும் என்ற உத்தரவாதம் மட்டும் அந்தத் திட்டத்தில் இருக்கவில்லை.

இதனால் பாதிக்கப்பட்டவர்கள் யார்? அன்று கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர்கள், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர்கள். வேலையிலேயே சேராதவர்களுக்குச் சங்கம் ஏது, கொடி ஏது?

2006-ல் ஆட்சி மாறியது. இழந்த சலுகைகள் பல திரும்பின. இந்தத் திட்டம் மட்டும் அசையவில்லை. 2011-லும் அசையவில்லை. 2019 ஜனவரியில் ஜாக்டோ-ஜியோ இதையும் வலியுறுத்தி வேலைநிறுத்தம் செய்தது. 2021-ல் பழைய ஓய்வூதியம் வாக்குறுதியாக வந்தது. 2025-ல் அதை ஆராய ஒரு குழு போட்டார்கள். 2003-ல் ஒரு கையெழுத்தில் போன விஷயம், 22 வருடம் கழித்தும் ஃபைலில்தான் இருந்தது.

ஒரு கட்சியைத் தோற்கடிக்க ஒரு நாள் போதும். பறிபோனதைத் திரும்ப வாங்க, புதிதாக வந்தவர்களையும் விடாமல் கேட்க வேண்டும். ‘நம்ம ஆட்சி வந்துவிட்டது, பார்த்துக்கொள்வார்கள்’ என்று ஓய்ந்துவிட்டால், கோப்பும் ஓய்வெடுக்கப் போய்விடும்.

அரசு வேலைக்குப் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் வீடா உங்களுடையது? அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம், ‘இப்போது வேலையில் இருப்பவர்களுக்கு என்ன செய்வீர்கள்?’ என்பதோடு நிறுத்தாதீர்கள். ‘இனிமேல் சேரப்போகிறவர்களுக்கு என்ன?’ என்றும் கேளுங்கள். 2003-ல் யாரும் உரக்கக் கேட்காமல் விட்ட கேள்வி அது!